அடிமரம் பார்க்கப் போனவர்

யால்மரி எந்த வீட்டுக்குள்ளும் நேராக நுழைந்தவரில்லை. முதலில் வெளியே ஒரு சுற்று சுற்றுவார். சுவரைத் தட்டுவார். கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அதன் பிறகுதான் கதவுப் பக்கம் வருவார். துக்க வீட்டுக்குப் போனாலும் இதே வழக்கம்தான். மாவட்டக் கட்டட அனுமதி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்திய கை அது. ஓய்வு பெற்ற பிறகு குத்துவதற்கு ஒன்றுமில்லாமல் போய், கண்ட சுவரையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தது.

அந்த மே மாதக் காலையில், வடக்குப் பனிநாட்டில் கூமோ ஊருக்குக் கிழக்கே ஏரிக்கரையில், உர்போ கிழவரின் மரவீட்டு முன்னால் கார் நின்றதும், யால்மரியின் மனைவி சைமி ஏரியைப் பார்க்கப் போனாள். யால்மரி சுவரைப் பார்க்கப் போனார்.

கையில் பட்டியல் இருந்தது. 'பழைய மரவீடு வாங்குமுன் சோதிக்க வேண்டியவை நாற்பத்தொன்று.' அவரே தட்டச்சு செய்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டது. இதுவரை பதினேழு வீடுகளை அந்தப் பட்டியல் பலி வாங்கியிருந்தது. ஒரு வீட்டில் மரங்கொத்தி போட்ட ஓட்டை. இன்னொன்றில், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பாசி திணிக்க வேண்டிய இடுக்கில் எவனோ சிமென்ட் பூசியிருந்தான். ஒரு வீட்டில் குற்றமே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. இதற்கிடையில் கஜானி நகரத்து மூன்றாம் மாடி வீட்டை விற்றாயிற்று. ஜூன் கடைசியில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். முப்பத்துநாலு வருஷம் படியேறி இறங்கிய சைமி கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்து காலை வைத்தால் புல் மேல் பட வேண்டும்.

உர்போவுக்கு எழுபத்தோரு வயது. தன் அப்பா கட்டிய அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே கிழவரானவர். அவருக்குத்தான் யால்மரி மரவீடு என்றால் என்ன என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சுவத்துக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கவே கூடாது. மரம் மூச்சு விடணும். தெரியுமில்ல?"

"ம்," என்றார் உர்போ.

"கோடாலியோட பின்பக்கத்தால தட்டணும். நல்ல மரம்னா மணி மாதிரி பேசும். உளுத்த மரம் ஈர மெத்தை மாதிரி பேசும். இதோ, கேளுங்க."

டங் என்றது சுவர்.

"ம்," என்றார் உர்போ, தன் சுவர் பேசி இன்றுதான் கேட்பவர் மாதிரி.

உள்ளே போனார்கள். வடகிழக்கு அறையின் கதவு திறக்கவில்லை. உர்போ தோளால் ஓர் இடி இடித்துத் திறந்தார். யால்மரி சமையலறையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து வந்து தரையில் வைத்தார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, கிடுகிடுவென்று வடகிழக்கு மூலையை நோக்கி உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

"ஏன் அது அங்க ஓடுது?" என்றாள் சைமி.

"மரவீடு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது இயற்கை. இதுக்கெல்லாம் பயந்தா எப்படி?"

உருளைக்கிழங்குக்குப் புரிந்தது அவருக்குப் புரியவில்லை. உர்போ குனிந்து கிழங்கை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்றாவது அடிமரம். சுவரின் எல்லா மரங்களையும் தலையில் சுமந்துகொண்டு, கல்வரிசை மேல் படுத்திருக்கும் மரம் அது. அது உளுத்துப்போனால் வீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு மரம் சொருக வேண்டும். வீட்டுக்கு லாடம் அடிப்பது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அடிமரத்தைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும் என்பது யால்மரியின் சித்தாந்தம்.

வீட்டின் வடபுறக் கல்வரிசையில் ஒரு சின்னக் கதவு. பன்றிக்குட்டி ஒன்று தாராளமாக நுழையலாம். உள்ளே தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை முழ இடுக்கு.

"உங்க வயசுக்கு வேணாமே," என்றார் உர்போ. அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"நானூறு வீட்டுக்கு அடியில போயிருக்கேன்," என்றார் யால்மரி. நாலு வீடு. அதில் ஒன்று நாய் வீடு. "சைமி, நீ மேல இரு. நான் கீழேருந்து மூணு தட்டு தட்டுவேன். தட்டின எடத்துல வந்து ரெண்டு காலாலயும் நல்லா குதி. தரையத் தாங்கற உத்தரம் எவ்வளவு ஆடுதுன்னு நான் இங்கேருந்து பாப்பேன்."

"நானா குதிக்கணும்?"

"பின்ன கிழவரையா குதிக்கச் சொல்றது? மெதுவா குதிச்சு ஏமாத்தாத. முழு எடையும் விழணும்."

டார்ச்சும் குத்தூசியுமாக அவர் தலையை உள்ளே விட்டார். பிறகு தோள். பிறகு வயிறு, அது மட்டும் இரண்டு தவணையாக.

உள்ளே இருட்டும் ஒரு வாசனையும் இருந்தன. ஈரத்துணியைப் பெட்டியில் வைத்துப் பல வருஷம் மறந்தால் வருமே, அது. இரண்டடி உயரக் கல்வரிசையில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. யால்மரி அதைக் கவனித்தார். பட்டியலில் அது பதினெட்டாம் எண். வெளியே சுற்றி வந்தபோது பனிக்காலத்துக்குப் பலகை வைத்து அடைத்திருந்ததைப் பார்த்து 'துளைகள் உண்டு' என்று டிக் போட்டிருந்தார். துளை உண்டா என்பதுதான் அவர் கேள்வி. திறந்திருக்கிறதா என்று பட்டியல் கேட்கவில்லை.

முழங்கையால் தவழ்ந்து வடகிழக்கு மூலையை அடைந்தார். அங்கே புதுப்பலகை ஒன்று குறுக்காக அடித்திருந்தது. பழைய வீட்டுக்கு அடியில் புதுப்பலகையா? குத்தூசியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். பலகை கழன்றது.

அதன் பின்னால் ஒரு கார் ஜாக்கி நின்றுகொண்டிருந்தது.

துருப்பிடித்த, ஒற்றைக்கால் ஜாக்கி. தட்டைக்கல் ஒன்றின் மேல் நின்று, தலையால் உத்தரத்தைத் தாங்கியது. அந்த உத்தரத்தின் மேல்தான் வீட்டின் அந்த மூலை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. யால்மரி குத்தூசியை அடிமரத்தில் வைத்து அழுத்தினார். பாலில் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. சத்தமே இல்லை.

அந்தக் கணத்தில் அவருக்கு ஏற்பட்டது பயமில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம். பதினெட்டாவது வீடு! மேலே போய் உர்போவின் முகத்துக்கு எதிரே எந்த வாக்கியத்தில் தொடங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டார். 'ஒரு சின்ன விஷயம் கவனிச்சேன்' என்று தொடங்கலாம். யோசித்துக்கொண்டே ஒருக்களித்துத் திரும்பினார். இடுப்பு தட்டைக்கல்லில் இடித்தது.

கல்லுக்கு அடியில் மேல்மண் ஒரு சாண் இளகிக் கூழாகியிருந்தது. அதன் கீழே மண் இன்னும் பனியில் உறைந்து கிடந்தது. கல் வழுக்கியது. ஜாக்கி, குடித்தவன் சுவரில் சாய்வதுபோல் மெல்லச் சாய்ந்தது. மேலே எங்கோ 'க்ர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். யால்மரி குப்புற விழுந்து முகத்தை மண்ணில் புதைத்தார். ஏதோ வந்து அவர் இடுப்பின் மேல் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்பதுதான் சரி. நசுக்கவில்லை, அடிக்கவில்லை. பெரிய மாடு ஒன்று தூக்கத்தில் காலை மேலே போட்டதுபோல் உத்தரம் வந்து உட்கார்ந்தது. அசைந்து பார்த்தார். முடியவில்லை. மூச்சை இழுத்தார். இழுத்தபோது உத்தரம் முதுகை அழுத்தியது. விட்டபோது அழுத்தவில்லை. அதனால் பாதி மூச்சோடு நிறுத்திக்கொண்டார். எத்தனை பாதி மூச்சுகளில் ஒரு மனிதன் உயிரோடிருக்கலாம் என்பது பட்டியலில் இல்லை.

"சைமி!"

தரைப்பலகைக்கு அடியில் ஒரு முழ கனத்துக்கு மரத்தூளும் பாசியும். குளிர் ஏறாமலிருக்க உர்போவின் அப்பா காலத்து ஆட்கள் திணித்தது. குளிர் ஏறாதது போலவே குரலும் ஏறவில்லை. தூள் மட்டும் கொஞ்சம் உதிர்ந்து வாயில் விழுந்தது.

தட்டினால் கேட்கும். டார்ச்சின் அடிப்பக்கத்தால் உத்தரத்தைத் தட்டினார். டொக். டொக். டொக்.

மேலே நாற்காலி நகரும் சத்தம். காலடிகள் வந்தன. சரியாக அவர் தலைக்கு மேலே வந்து நின்றன.

அப்போதுதான் யால்மரிக்கு நினைவு வந்தது.

"வேணாம்!" என்று கத்தினார். "வேணாம் சைமி, வே..."

சைமி குதித்தாள். சொன்னதைச் செய்கிறவள். முழு எடையையும் போட்டாள்.

இருட்டு கீழே இறங்கியது. ஓர் அங்குலம் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் அங்குலத்தில் மூச்சு பாதியிலிருந்து காலாயிற்று. மேலே மங்கலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. காப்பிக் கோப்பை சாசரில் உட்காரும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு முழம் தூரத்தில் உலகம் ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

தட்டக் கூடாது. தட்டினால் குதிப்பாள். தட்டாமலும் இருக்கக் கூடாது. தட்டாவிட்டால், அவர் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார், ஒரு மணி நேரம் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தொந்தரவு செய்யாதீர்கள், மரம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மரம் இப்போது தெளிவாகவே சொல்லிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை, 'கிறீச்' என்று.

சின்ன வயதில் ஏரிப் பனி உடைந்து ஒரு தடவை இடுப்பளவு உள்ளே போயிருக்கிறார். அப்போதுகூட இப்படி இல்லை. அங்கே கையைக் காலை அடிக்கலாம். இங்கே பயத்துக்குக்கூட இடமில்லை. அது நெஞ்சுக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது. கண்ணை இறுக மூடினார். கை தானாகத் தட்டத் தொடங்கியது. மூன்று இல்லை. நாலு, ஏழு, பதினொன்று. கணக்கில்லை.

மேலே காலடிகள் வந்தன. நின்றன.

யால்மரி குதிப்புக்காகக் காத்திருந்தார். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் காத்திருந்தது.

சைமி குதிக்கவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் இந்த ஆள் மூன்று என்று சொன்னதை நாலாக்கியதில்லை. தேநீருக்கு மூன்று நிமிஷம் என்றால் மூன்றே நிமிஷம். காலடிகள் மெதுவாகப் பின்வாங்கின. பிறகு ஓடின.

சின்னக் கதவருகே வெளிச்சம் மறைந்தது. அங்கிருந்து பார்த்தால் அவருடைய இரண்டு காலணிகளின் அடிப்பாகம்தான் தெரியும். அந்த அடிப்பாகத்தைப் பார்த்துச் சைமி கேட்டாள்.

"யால்மரி? என்னாச்சு?"

உதவி என்று ஒரு சொல் இருக்கிறது. அது நாக்கு வரைக்கும் வந்தது. முப்பத்தோரு வருஷம் பிறர் விண்ணப்பங்களில் மட்டுமே படித்த சொல். அவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"சின்னதா ஒரு தொழில்நுட்பச் சிக்கல்."

"செத்துப் போகப் போறியா?"

"இன்னும் இல்ல." பிறகு, குரல் கீச்சென்று உடைந்து, "சைமி, மேல யாரையும் நடக்க விடாத. சத்தியமா யாரையும் நடக்க விடாத. பூனைகூட நடக்கக் கூடாது."

உர்போவும் வந்து மண்டியிட்டார். "ஜாக்கிய தொட்டீங்களா?"

"ஜாக்கி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

அது உண்மை. நாற்பத்தொரு கேள்வியில் அது இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போட்டுக்கலாம்," என்றாள் சைமி. "எப்படித் தூக்கறது? அத சொல்லுங்க."

"நீளமா ஒரு மரம் வெச்சு மூலைய நெம்பணும். அஞ்சு பேராவது வேணும்."

"பக்கத்துல யார் இருக்காங்க?"

உர்போ சாலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பார்வைக்குள் ஓர் ஊரே இருந்தது.

"யாராவது இருப்பாங்கல்ல?"

"லெம்பி வீடு இருக்கு. அரை மைல். ஆனா நான் அவங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. ஒம்பது வருஷமா யார்கிட்டயும் கேட்டதில்ல."

"நீங்க கேக்க வேணாம். எனக்கு வாய் இருக்கு," என்றாள் சைமி. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் கியர் மாற்றும் விதத்தைப் பற்றி யால்மரிக்கு எப்போதும் ஒரு விமர்சனம் உண்டு. அன்று அந்த உறுமல் தூரத்தில் தேய்ந்து மறையும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தனிமை. கிறீச். காதுக்குப் பக்கத்தில் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. மரம் குடையும் கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஏறி, காதைச் சுற்றி வந்து, ஒன்றும் சாப்பிடும்படி இல்லை என்று முடிவு செய்து இறங்கிப் போனது. அடுத்த தடவை இறங்கினால் எங்கே இறங்கும்? முதுகெலும்பிலா? உத்தரத்தின் எடை என்ன, மேலே பதின்மூன்று வரிசை மரத்தின் எடை என்ன, கணக்குப் போடத் தெரிந்த மூளை அவருடையது. அது போட்டது. போடாமலிருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டார். அது கூட்டி முடித்து, கூரையையும் சேர்த்தது.

முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பிடுங்கும் சத்தம். ஒரு பலகை கழன்றது, பழந்துணி ஒன்று வெளியே போனது, ரொட்டி அளவுக்கு ஒரு சதுரத்தில் பகல் உள்ளே விழுந்தது. காற்றுத்துளை. அதில் உர்போவின் ஒரு கண்.

"காத்து வருதா?"

"வருது." யால்மரிக்கு அழுகை வந்தது. காற்றுக்காக இதுவரை அழுததில்லை.

"இத எல்லாம் அக்டோபர்ல அடைப்போம், தரை சில்லுனு ஆயிடும்ல," என்றார் உர்போ, துளையிடம் பேசுவதுபோல. "அடைக்கறது என் வேல. மே மாசம் தொறக்கறது ஆய்லியோட வேல. எம் பொண்டாட்டி. ஒம்பது வருஷம் முன்னால அவ போயிச் சேந்தா. நான் அடச்சேன். தொறக்க ஆளில்ல."

"நீங்களே தொறந்திருக்கலாமே."

"தொறந்திருக்கலாம்." கண் மறைந்தது, திரும்ப வந்தது. "மூணு வருஷம் கழிச்சு மூல எறங்கிச்சு. லாடம் அடிக்கணும்னா ஊரக் கூப்பிடணும். அவங்க வந்து பாப்பாங்க. துளை ஒண்ணுகூட தொறக்கலியா உர்போன்னு கேப்பாங்க. அதனால ஜாக்கி வெச்சேன். பலக அடிச்சேன்."

மற்ற நாளாக இருந்தால் இதற்கு யால்மரியிடம் இருபது நிமிஷப் பதில் ஒன்று உண்டு. ஈரப்பதத்தில் தொடங்கிப் பொறுப்புணர்ச்சியில் முடியும். அன்று அவர் சொன்னது, "போயிடாதீங்க."

"போகல."

"கண்ண எடுக்காதீங்க."

"எடுக்கல."

கார் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு டிராக்டர். காற்றுத்துளைக்கு வெளியே காலணிகள் நிறைந்தன. பசுச் சாணம் ஒட்டிய அகலமான ரப்பர் காலணி லெம்பியுடையது. அவள் பின்னால் கணவன் எய்னோ. மூன்றாவது, லெம்பி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் ரெய்யோ. கடிதப் பையோடேயே வந்திருந்தார்.

லெம்பி குனிந்தாள். துளையில் சிவந்த பெரிய முகம் ஒன்று நிறைந்தது.

"இவருதான் இன்ஜினியரா? வீடு பாக்க வந்தா எல்லாரும் உள்ள போவாங்க. நீங்க ஏன் அடியில போனீங்க?"

"லெம்பி, சீக்கிரம்," என்றாள் சைமி.

"இரும்மா, இரு. எய்னோ, அந்த பைன் கழிய எடு."

"பைன் வேணாம், பிர்ச் கழி எடு. பைன் முறியும்," என்றார் ரெய்யோ.

"கடுதாசி குடுக்கற ஆளுக்கு கழியப் பத்தி என்ன தெரியும்?"

"எங்கப்பா தேவாலயத்து மணிக்கூண்டையே தூக்கினவரு."

"தூக்கினாரு. தெரியும். அது இன்னும் சாஞ்சுதான் நிக்குது."

யால்மரி கேட்டுக்கொண்டு கிடந்தார். எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. எல்லாம் அவர் பாடம் நடத்தும் அதே குரலிலேயே இருந்தன. அடுப்பு எந்தப் பக்கம், பாரம் எந்தப் பக்கம், மேல் மரம் தாங்குமா, எண்பத்திரண்டில் யார் வீட்டில் எந்தக் கழி முறிந்தது. பிறகு எய்னோ, ரொம்ப யோசனைக்குப் பின், "மேல்மரம் நல்லா இருக்கான்னு தட்டிப் பாத்துருவோம்," என்று கோடாலியைத் திருப்பிப் பிடித்தார்.

டங்!

அடி சுவரில் விழுந்தது. யால்மரிக்குப் பல்லில் விழுந்தது. மண் பொலபொலவென்று கொட்டியது.

"தட்டாதீங்க!" அவர் கத்தியது ஏரிக்கு அப்பால் போய்த் திரும்பி வந்தது. "கடவுளே, யாரும் தட்டாதீங்க! உதவி பண்ணுங்க! உதவி!"

அந்தச் சொல்லுக்குப் பிறகு எவரும் கருத்துச் சொல்லவில்லை. பிர்ச் கழியை எடுத்தார்கள்.

சைமியின் கை துளை வழியாக வந்தது. அதில் ஒரு தடித்த மரக்கட்டை இருந்தது. "கேளு," என்றாள். "நாங்க நெம்பித் தூக்கறோம். ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. தூக்கினதும் ஜாக்கி இருந்த எடத்துல இத நிறுத்து. அதுக்கப்புறம் பின்னால தவழ்ந்து வா. முதல்ல கட்டை. புரியுதா? கட்டைய வெக்காம நகந்தா மூல உன் மேலயே விழும்."

"என்னால முடியாது."

"கை ஃப்ரீயாத்தான இருக்கு."

"கை வர மாட்டேங்குது சைமி." அது பொய்யில்லை. வலது கை மண்ணைப் பிடித்திருந்தது. விடு என்றால் விடவில்லை. அவர் கைதான், ஆனால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "பயமா இருக்கு."

"பயப்படு. யார் வேணாம்னது? எனக்கும்தான் பயமா இருக்கு. பயந்துக்கிட்டே வை."

அவள் கட்டையை உள்ளே போட்டுவிட்டு, அவர் விரல்களை மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பல் மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் குழந்தைகளின் வாயைத் திறந்து திறந்து பழகிய கையால். ஐந்தாவது விரல் வந்ததும் கட்டையை அதில் வைத்து மூடினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு கழிக்குப் போனாள். ஐந்தாவது ஆள் அவள்தான்.

"ஒண்ணு," என்றாள் லெம்பி. "ரெண்டு. எய்னோ, நீ பெருமூச்சு விடறத நிறுத்து. மூணு!"

வீடு முனகியது. கழி முனகியது. முதுகின் மேலிருந்த மாடு, நம்ப முடியாதபடி, காலை எடுத்தது. முழு மூச்சு ஒன்று உள்ளே வந்தது. அந்த மூச்சு சொன்னதெல்லாம் 'ஓடு' என்பதுதான். கால்கள் ஏற்கெனவே பின்னால் உதைக்கத் தொடங்கிவிட்டன.

"கட்டை!" சைமியின் குரல், சுமையில் நெரிந்து. "யால்மரி, கட்டை!"

கண்ணை மூடிக்கொண்டே கட்டையைத் தள்ளினார். எதிலோ இடித்துச் சாய்ந்தது. நிமிர்த்தினார். சாய்ந்தது. ரெய்யோ வெளியே இறைவனை அழைத்தார், வழிபாட்டுத் தொனியில் இல்லை. மூன்றாம் தடவை கட்டை கல்லில் உட்கார்ந்து நின்றது.

"வெச்சுட்டேன்!"

"எறக்கு. மெதுவா. மெதுவ்வா..."

உத்தரம் கட்டையின் மேல் அமர்ந்தது. கட்டை 'முக்' என்றது. நின்றது. யால்மரி அதைப் பார்க்கவில்லை. அவர் அதற்குள் பாதி தூரம் பின்னுக்குத் தவழ்ந்திருந்தார். கால்சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கதவருகே வயிறு சிக்கியது. எய்னோவும் ரெய்யோவும் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்தார்கள். கன்றுக்குட்டி பிறப்பதுபோல் அவர் புல்லின் மேல் வந்து விழுந்தார். மே மாத வெயில் அவர் தொடை மேல், கிழிசல் வழியாக, எந்த மரியாதையும் இல்லாமல் அடித்தது.

எவரும் சிரிக்கவில்லை. கிராமத்தில் சிரிப்பை ஒரு வாரம் ஆறப் போடத் தெரியும்.

லெம்பி இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துளைகளைப் பார்த்தாள், வரிசையாக அடைத்திருந்த ஒவ்வொன்றையும். உர்போவைப் பார்த்தாள். "ஆய்லி போனப்புறம் ஒண்ணுகூட தொறக்கலியா, கிழவா?"

உர்போ தன் காலணியைப் பார்த்தார். லெம்பி அதற்கு மேல் கேட்கவில்லை. ஒவ்வொரு துளையாகப் போய் எய்னோ பலகையைப் பிடுங்கத் தொடங்கினார்.

"சரி, இப்ப முக்கியமான கேள்வி," என்றார் ரெய்யோ. "அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கு? ஒரு மூலதான்னா சனிக்கிழம நாலு பேர் வந்தா லாடம் அடிச்சிரலாம். முழு நீளமும் போயிருந்தா இந்த வீடு விறகுக்குத்தான். இன்ஜினியர் ஐயா, உள்ள இருந்தீங்களே. எவ்வளவு தூரம்?"

எல்லோரும் திரும்பினார்கள். சைமியும் திரும்பினாள். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பதிலில்தான் அவள் கால் படப்போகும் புல் இருந்தது. யால்மரி வாயைத் திறந்தார். முப்பத்தோரு வருஷமாக, தெரியாத கேள்விக்கும் அந்த வாய் பதில் சொல்லியிருக்கிறது.

"தெரியல," என்றார். "ஒரு எடத்துல குத்திப் பாத்தேன். மத்தத பாக்கல. கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

ஏரித்தண்ணீர் கரையில் கட்டியிருந்த படகில் மோதியது.

"நானும்தான்," என்றார் உர்போ. "ஒம்பது வருஷமா."

சைமி அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புல்லில் கிடந்த டார்ச்சை எடுத்துத் தட்டி எரிய வைத்தாள். கோட்டைக் கழற்றி லெம்பியிடம் கொடுத்தாள். குத்தூசி எங்கே என்று கேட்டாள். அது அடிமரத்திலேயே, பிடிவரைக்கும் இறங்கிய நிலையில் இருக்கிறது என்றார் யால்மரி. அப்படியானால் அங்கிருந்தே தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் சின்னக் கதவின் முன் குப்புறப் படுத்தாள்.

"வேணாம் சைமி."

"கட்டைய நீதான வெச்ச? நிக்குமா நிக்காதா?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. தலை போனது, தோள் போனது. யால்மரி மண்டியிட்டபடியே பாய்ந்து, மறைந்துகொண்டிருந்த அவள் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காலை விடு, யால்மரி," என்றது உள்ளேயிருந்து குரல். "நகர முடியல."

அவர் விடவில்லை. அவள் ஒரு முழம் முன்னால் போனாள். அவரும் ஒரு முழம் உள்ளே போனார்.